மதிப்பெண் பதிவேடு: எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது, பெற்றோரிடம் எப்படிச் சொல்வது

ஆசிரியர் வேலையில் புதிதாகச் சேர்பவர் கைக்கு முதலில் வந்து சேர்பவை இரண்டு: வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு. வருகைப் பதிவேட்டில் பெரிய குழப்பம் கிடையாது. வந்தார், வரவில்லை, அவ்வளவுதான். மதிப்பெண் பதிவேடு அப்படி இல்லை. எதைப் பதிவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை பதிவது, எதை எதோடு கூட்டுவது, கூட்டி வந்த எண்ணை யாரிடம் எப்படிச் சொல்வது என்று எல்லாமே ஆசிரியர் எடுக்க வேண்டிய முடிவுகள். யோசித்து எடுத்தால் பதிவேடு ஆண்டு முழுக்கக் கைகொடுக்கும். யோசிக்காமல் விட்டால் பருவ முடிவில் மொத்தம் போட மட்டுமே உதவும்.

புதிய ஆசிரியர்களையும் டியூஷன் எடுப்பவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் மார்க்கைப் பார்த்து ஒன்றும் புரியாமல் விழிக்கும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

பதிவேட்டின் அமைப்பு எங்கேயும் ஒன்றுதான். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மாணவர் பெயர்கள். மேலே இடமிருந்து வலமாகத் தேர்வுகள், வீட்டுப்பாடங்கள், செயல்திட்டங்கள். பெயரும் தேர்வும் சந்திக்கிற கட்டத்தில் ஒரு எண். கோடு போட்ட நோட்டு, எக்செல் தாள், மூடில், கூகுள் கிளாஸ்ரூம் போன்ற இணைய வகுப்பறை மென்பொருளின் மதிப்பெண் பக்கம், எதை எடுத்தாலும் உள்ளே இருப்பவை இந்தக் கட்டங்கள்தான். மென்பொருள் கூட்டிப் பெருக்கித் தரும், பெற்றோருக்குத் தகவல் அனுப்பும். கட்டத்துக்குள் எதை எழுத வேண்டும் என்பதை மட்டும் ஆசிரியர்தான் முடிவு செய்தாக வேண்டும்.

இரண்டு திசையில் படிக்கலாம்

இந்தக் கட்டங்களை மேலிருந்து கீழே படித்தால் ஒரு பாடம் வகுப்புக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். 30 பேர் இருக்கும் வகுப்பில் 22 பேர் ஒரே தேர்வில் பாதிக்கும் கீழே எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 22 பேரும் ஒரே வாரத்தில் சோம்பேறி ஆகியிருக்க முடியாது. வினாத்தாள் கடினமாக இருந்திருக்கும், இல்லையென்றால் பாடம் நடத்திய விதம் எடுபட்டிருக்காது. இரண்டில் எது என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி நடத்த வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கண்டிக்கும் முன் பார்க்க வேண்டிய திசை இது.

குறுக்கே படித்தால் ஒரு மாணவரைப் பற்றித் தெரியும். இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றும். வரிசை எண் 7-இல் இருப்பவர் ஐந்து தேர்வுகளில் எடுத்தவை 30, 45, 60, 75, 90. வரிசை எண் 12-இல் இருப்பவர் எடுத்தவை 90, 75, 60, 45, 30. இருவருக்கும் சராசரி 60. அறிக்கை அட்டையில் அந்த 60 மட்டும் போனால் இருவரும் ஒரே நிலையில் இருப்பதாகத்தான் எந்தப் பெற்றோரும் நினைப்பார்கள். ஒருவர் தட்டுத்தடுமாறித் தொடங்கி மேலே வந்துவிட்டார். இன்னொருவருக்கு ஏதோ நடந்திருக்கிறது. உடல்நிலையா, வீட்டில் பிரச்சினையா, பார்வைக் கோளாறா, நண்பர்களோடு மனத்தாங்கலா, அது எண்ணில் தெரியாது. ஆனால் கேட்க வேண்டும் என்பது தெரியும். மூன்றாவது தேர்விலேயே, 90, 75, 60 என்று இறங்கும்போதே, அது தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து தேர்வும் ஐந்து வெவ்வேறு பாடங்களில் நடந்திருந்தால் ஏறுவதும் இறங்குவதும் வேறு காரணத்தால் இருக்கலாம். ஒருவருக்கு இயற்கணிதம் எளிதாக வரும், வடிவியல் வராது. அதனால்தான் நெடுவரிசையின் தலைப்பில் 'தேர்வு 1', 'தேர்வு 2' என்று எழுதுவதைவிட என்ன பாடம், எந்தத் தேதி என்று எழுதுவது நல்லது. நாலு மாதம் கழித்துப் பார்க்கும்போது 'தேர்வு 3' என்றால் எழுதியவருக்கே எது என்று நினைவிருக்காது.

ஒரு எண், ஒரு கேள்வி

எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருக்கும் முக்கியமான கருத்து இதுதான்: பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். 'இந்தப் பாடம் இவருக்கு எவ்வளவு தெரியும்?' என்பது ஒரு கேள்வி. 'நேரத்துக்குக் கொடுத்தாரா?' என்பது வேறு கேள்வி. 'வகுப்பில் ஒழுங்காக இருந்தாரா?' என்பது மூன்றாவது. மூன்றையும் கலந்து ஒரே எண்ணாக எழுதிவிட்டால் பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

ஒரு செயல்திட்டத்துக்கு 20 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி அருமையாகச் செய்து 18-க்குத் தகுதி பெறுகிறார். ஆனால் இரண்டு நாள் தாமதம். தாமதத்துக்கு 6 குறைத்து 12 என்று பதிவாகிறது. இன்னொரு மாணவர் சொன்ன தேதியில் கொடுத்தார், ஆனால் பாதிப் பாடம் புரியவில்லை. அவருக்கும் 12. மூன்று வாரம் கழித்து அந்த இரண்டு 12-ஐயும் பார்க்கும் யாருக்கும், எழுதிய ஆசிரியர் உட்பட, யாருக்குப் பாடம் சொல்லித் தர வேண்டும், யாரிடம் நேர ஒழுங்கு பற்றிப் பேச வேண்டும் என்று தெரியாது. ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்த்து, ஒன்றில் 18 என்றும் பக்கத்தில் 'தாமதம், 2 நாள்' என்றும் எழுதியிருந்தால் தீர்ந்தது. தாமதத்துக்குக் குறைத்தே ஆக வேண்டும் என்பது பள்ளியின் விதியாக இருந்தால், கடைசியில் மொத்தம் போடும்போது குறைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் அசல் எண் இருக்கட்டும்.

இதே கொள்கையை ஒரு தேர்வுக்கு உள்ளேயும் கொண்டுபோகலாம். பின்னங்கள் பற்றி 20 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. ஒரே பகுதி கொண்ட பின்னங்களைக் கூட்டுவதற்கு 5, வெவ்வேறு பகுதி கொண்டவற்றைக் கூட்டுவதற்கு 5, பெருக்கலுக்கு 5, வாக்கியக் கணக்குக்கு 5. ஒரு மாணவர் 5, 5, 4, 0 எடுக்கிறார். இன்னொருவர் 5, 1, 4, 4 எடுக்கிறார். இருவருக்கும் மொத்தம் 14. மொத்தத்தை மட்டும் எழுதினால் இருவரும் 'பரவாயில்லை' ரகம். நான்காகப் பிரித்து எழுதினால் கதையே வேறு. முதலாமவருக்குக் கணக்கு நன்றாக வருகிறது, வாக்கியத்தைப் படித்துக் கணக்காக மாற்றுவதில்தான் சிக்கல். ஒருவேளை அவருக்கு உதவி தேவைப்படுவது மொழிப்பாடத்திலாகவும் இருக்கலாம். இரண்டாமவருக்கு மீச்சிறு பொது மடங்கு காண்பதில் பிடிபடாத ஒன்று இருக்கிறது. ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லித் தந்தால் சரியாகக்கூடும்.

எல்லாத் தேர்வுக்கும் இப்படிப் பிரித்து எழுத யாருக்கும் நேரம் இருக்காது. ஒவ்வொரு அலகின் முடிவிலும் ஒரு தேர்வுக்கு மட்டும் செய்தால் போதும். சில பள்ளிகள் இன்னும் ஒரு படி மேலே போய் மொத்த மதிப்பெண்ணையே விட்டுவிட்டு, ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 4 வரை ஒரு நிலை மட்டும் கொடுக்கின்றன. 1 என்றால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார், 4 என்றால் தானாகவே பயன்படுத்தத் தெரியும் என்பதுபோல. தொடக்க வகுப்புகளுக்கு இது மிகவும் ஏற்றது என்பது என் எண்ணம்.

பயிற்சிக்கான மதிப்பெண்ணும் முடிவுக்கான மதிப்பெண்ணும்

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே எவ்வளவு புரிந்தது என்று பார்ப்பது வளரறி மதிப்பீடு. முடிந்தபின் எவ்வளவு கற்றார் என்று கணக்கெடுப்பது தொகுத்தறி மதிப்பீடு. இந்தப் பிரிவினையை 1967-இல் மதிப்பீட்டுத் துறை அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன் பாடத்திட்டங்களை மதிப்பிடுவதற்காகச் சொன்னார். பிறகு கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் அதை மாணவர் மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பதிவேட்டில் இந்த இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வெவ்வேறு நிறத் தலைப்பு கொடுத்தால்கூடப் போதும். கற்றுக்கொள்ளும்போது செய்த தவறுகள் எல்லாம் இறுதி மதிப்பெண்ணைக் கீழே இழுத்தால், பிள்ளைகள் பயிற்சியிலேயே தவறு செய்யப் பயப்படுவார்கள். யாரையாவது பார்த்து எழுதிவிட்டு முழு மதிப்பெண் வாங்குவார்கள். அப்புறம் அந்தப் பயிற்சியால் ஆசிரியருக்கும் எதுவும் தெரியவராது.

இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. ஒரு பிரிவு மாணவர்களுக்குக் கருத்து மட்டும் எழுதித் தந்தார்கள். இன்னொரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களின் வேலையும் ஆர்வமும் கூடின. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண்ணைப் பார்த்ததும் கருத்தைப் படிக்கும் மனம் போய்விடுகிறது போலும். ஆகவே பயிற்சித் தாள்களில் கருத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, எண்ணை ஆசிரியர் தன் பதிவேட்டில் வைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் இருப்பதெல்லாம் தாளிலும் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

காலிக் கட்டம்

புதியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடும் இடம் இது. காலியாக இருக்கும் ஒரு கட்டத்துக்கு நான்கு அர்த்தம் இருக்கலாம். அன்றைக்கு மாணவர் வரவில்லை. வந்தார், ஆனால் வேலையை ஒப்படைக்கவில்லை. ஒப்படைத்தார், ஆசிரியர் இன்னும் திருத்தவில்லை. அல்லது அவருக்கு அந்த வேலையிலிருந்து விலக்கு உண்டு. நான்கும் முற்றிலும் வேறு வேறு நிலைமைகள். எனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள்: 'வ' என்றால் வரவில்லை, 'ஒ' என்றால் ஒப்படைக்கவில்லை, 'தி' என்றால் திருத்த வேண்டும், 'வி' என்றால் விலக்கு. குறிகளின் பொருளைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பதிலாக வேறு ஆசிரியர் வந்தால் அவருக்கும் புரிய வேண்டும்.

கட்டத்தில் சுழியம் போடுவது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய காரியம். ஒரு மாணவரின் மதிப்பெண்கள் 80, 85, 90. நான்காவது வேலையை அவர் தரவில்லை. சுழியம் போட்டால் சராசரி 63.75. போடாவிட்டால் 85. கிட்டத்தட்ட 21 மதிப்பெண் வித்தியாசம், ஒரே ஒரு கட்டத்தால். அந்த 63.75 அவருக்குத் தெரிந்ததையும் காட்டவில்லை, தெரியாததையும் காட்டவில்லை. நூற்றுக்குக் கணக்கிடும் முறையில் ஒரு சுழியத்தைச் சரிக்கட்டப் பல நல்ல மதிப்பெண்கள் வேண்டும். இதனால் சிலர், இரண்டு சுழியம் விழுந்ததுமே இனி எப்படியும் தேற முடியாது என்று முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். சுழியமே கூடாது என்று வாதிடும் ஆசிரியர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். செய்து முடிக்க இன்னொரு தேதி கொடுத்து, அதுவரை 'ஒ' என்றே விட்டுவைத்து, அதற்குள்ளாகவே பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, அதன்பிறகும் வராவிட்டால் சுழியம் போடலாம் என்பேன். சில பள்ளிகளில் சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவை எடுப்பதும் உண்டு. மதிப்பெண்களை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால், ஓரத்தில் கிடக்கும் ஒரு சுழியம் அவ்வளவாகப் பாதிக்காது. மேலே சொன்ன நான்கில் (0, 80, 85, 90) நடுவில் இருப்பவை 80, 85 என்ற இரண்டு, அவற்றின் சராசரியான 82.5 தான் இடைநிலை.

கணினியில் எழுதுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எக்செல்லும் கூகுள் ஷீட்ஸும் சராசரி போடும்போது காலிக் கட்டத்தையும் எழுத்து உள்ள கட்டத்தையும் விட்டுவிடும், சுழியத்தைக் கணக்கில் எடுக்கும். ஆகவே 'ஒ' என்று எழுதினால் சராசரி பாதிக்கப்படாது. மூடிலில் காலி மதிப்பெண்களைக் கணக்கில் சேர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு தெரிவு இருக்கிறது. அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பருவத் தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். சேர்க்கும்படி இருந்தால் இன்னும் நடக்காத தேர்வுக்கெல்லாம் சுழியம் விழுந்து, முதல் வாரத்திலேயே பெற்றோர் பதறிப்போவார்கள்.

மொத்தம் போடும் விதம்

பரவலாக இருப்பவை இரண்டு முறைகள். எல்லா மதிப்பெண்களையும் அப்படியே கூட்டுவது ஒன்று. பிரிவுக்கு இவ்வளவு என்று வெயிட்டேஜ் கொடுத்துக் கூட்டுவது இன்னொன்று. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே மாணவரின் முடிவு மாறும்.

பார்க்கலாம். ஒரு மாணவருக்கு வீட்டுப்பாடத்தில் 100-க்கு 90, வகுப்புத் தேர்வுகளில் 50-க்கு 35, பருவத் தேர்வில் 100-க்கு 60. அப்படியே கூட்டினால் 250-க்கு 185, அதாவது 74 விழுக்காடு. இப்போது வீட்டுப்பாடத்துக்கு 20, வகுப்புத் தேர்வுக்கு 30, பருவத் தேர்வுக்கு 50 விழுக்காடு வெயிட்டேஜ் என்று வைத்தால் 18 + 21 + 30, மொத்தம் 69. ஐந்து மதிப்பெண் குறைந்துவிட்டது, மாணவர் எதுவும் செய்யாமலே. இரண்டு கணக்கும் சரிதான். எந்தக் கணக்கு என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவருக்கும் பெற்றோருக்கும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. கூகுள் கிளாஸ்ரூமில் இந்த இரண்டோடு, மொத்த மதிப்பெண்ணே காட்ட வேண்டாம் என்ற மூன்றாவது தெரிவும் உண்டு. சிறு வகுப்புகளுக்கு அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் உள்ளே போகும் எண் துல்லியமாக இருந்தால்தான் பயன். 1912-இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். அதே தாளுக்கு ஒருவர் 64 போட்டார், இன்னொருவர் 98 போட்டார். மொழிப்பாடம் என்பதால் இப்படி என்று சிலர் சொன்னார்கள். அடுத்த ஆண்டு வடிவியல் தாளை அனுப்பினார்கள். 28 முதல் 95 வரை வந்தது. படிகளுக்கு மதிப்பெண் தருவதா, விடைக்கு மட்டுமா, அழகாக எழுதாததற்குக் குறைப்பதா என்று ஆளுக்கு ஒரு கணக்கு. எதற்கு எவ்வளவு என்று தாள்களைத் திருத்தத் தொடங்கும் முன்பே எழுதிவைத்துக்கொண்டால் இந்த வேறுபாட்டைப் பெருமளவு குறைக்கலாம். அதை மாணவர்களிடமும் காட்டிவிட்டால் 'எனக்கு ஏன் சார் இவ்வளவுதான்' என்ற கேள்வியும் குறையும்.

இன்னொன்று: மறுதேர்வு எழுதி ஒருவர் 40-இலிருந்து 70-க்கு வந்தால் பழைய எண்ணை அழிக்காதீர்கள். இரண்டையும் தேதியோடு வையுங்கள். எந்த எண் மொத்தத்துக்குப் போகும் என்பது தனி முடிவு. அவர் முன்னேறினார் என்பதற்கான சான்று அந்தப் பழைய 40-தான்.

வாரம் ஒருமுறை

எழுதுவதற்காக மட்டும் பதிவேட்டைத் திறப்பவர்கள்தான் அதிகம். படிப்பதற்காகவும் வாரம் ஒருமுறை திறக்க வேண்டும். கால் மணி நேரம் போதும். திடீரென்று இறங்கியவர் யார், தொடர்ந்து இரண்டு 'ஒ' வாங்கியவர் யார் என்று முதலில் பாருங்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் கண்டுபிடிப்பது எளிது. கணினியில் என்றால் 40-க்குக் கீழே உள்ள கட்டங்கள் தானாகவே நிறம் மாறும்படி வைத்துக்கொள்ளலாம்.

அதைவிட அவசியம், நடுவில் இருப்பவர்களைப் பார்ப்பது. 55, 58, 54, 57 என்று ஆண்டு முழுக்க ஒரே கோட்டில் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். சேட்டை செய்ய மாட்டார்கள், பரிசும் வாங்க மாட்டார்கள். அவர்களைப் பற்றி யாரும் யாரிடமும் பேசுவதில்லை. எந்த நிறமும் அவர்களைச் சுட்டிக்காட்டாது. வாரம் இரண்டு பெயரை அந்த நடுப்பகுதியிலிருந்து எடுத்து, அவர்களின் தாளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்து, ஒரு வார்த்தை பேசினாலே பருவத்துக்குள் எல்லோரையும் தொட்டுவிடலாம். இதை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளுக்குப் பதிவேட்டைத் தவிர வேறு குரல் இல்லை.

பெற்றோரிடம் சொல்வது

பருவ இறுதியில் அறிக்கை அட்டை போகிறது. அதைப் பார்த்துப் பெற்றோர் ஏதாவது செய்ய நினைத்தாலும் பருவம் முடிந்துபோயிருக்கும். தகவல், ஏதாவது செய்ய முடிகிற நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் பீட்டர் பெர்க்மன், எரிக் சான் என்ற ஆய்வாளர்கள் 22 பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார்கள். ஒப்படைக்காத வேலைகள், குறைந்த மதிப்பெண், வகுப்புக்கு வராதது ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்து தானாகவே எடுத்துப் பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். பாடங்களில் தோல்வியடைவது 28 விழுக்காடு குறைந்தது. வகுப்பு வருகை 12 விழுக்காடு கூடியது. ஆனால் மாநில அளவிலான பொதுத் தேர்வின் மதிப்பெண்ணில் மாற்றம் எதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெற்றோருக்குத் தெரிந்தால் பிள்ளை வேலையைச் செய்து முடிக்கிறது, வகுப்புக்கு வருகிறது. பாடத்தைப் புரியவைப்பது மட்டும் ஆசிரியரின் வேலையாகவே இருக்கிறது.

சரி, என்ன சொல்வது? 'உங்கள் மகன் அறிவியலில் 48' என்று ஒரு செய்தி போனால் அதை வைத்து வீட்டில் திட்டத்தான் முடியும். அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம். நான் உங்கள் மகனின் அறிவியல் ஆசிரியர். வகுப்பில் நன்றாகக் கேள்வி கேட்கிறார், ஆய்வகத்தில் ஆர்வமாக இருக்கிறார். மின்சுற்று பாடத் தேர்வில் 48 எடுத்திருக்கிறார். படம் வரைவது எல்லாம் சரியாக இருக்கிறது, தொடர் இணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் உள்ள வேறுபாடு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. புதன்கிழமை மாலை அரைமணி நேரம் அவருக்கு அதை மறுபடி சொல்லித் தருகிறேன். வெள்ளிக்கிழமை மறுதேர்வு வைக்கிறேன். அவரிடம் இதை ஏற்கெனவே பேசிவிட்டேன். வீட்டில் இரண்டு இணைப்புகளையும் உங்களுக்கு விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள், அது போதும். வேறு ஏதாவது நான் தெரிந்துகொள்ள வேண்டியது இருந்தால் சொல்லுங்கள்.'

கொஞ்சம் நீளம்தான். ஆனால் எண் எதைக் குறிக்கிறது, ஆசிரியர் என்ன செய்யப்போகிறார், வீட்டில் என்ன செய்யலாம், எப்போது மறுபடி பார்ப்போம் என்று எல்லாம் இருக்கிறது. பதிவேட்டில் திறன்வாரியாக எழுதியிருந்தால்தான் இப்படி எழுத முடியும். வெறும் 48 மட்டும் இருக்கும் பதிவேட்டிலிருந்து இந்தச் செய்தி வராது. பெற்றோர் எந்த மொழியில் எளிதாகப் படிப்பார்களோ அந்த மொழியில் எழுதுங்கள். படிக்கச் சிரமப்படுபவர் என்றால் தொலைபேசியில் பேசிவிடுங்கள். மாணவரிடம் முதலில் சொல்லிவிட்டுப் பெற்றோரிடம் சொல்வதையும் கடைப்பிடியுங்கள். தன்னைப் பற்றிய செய்தி தன் முதுகுக்குப் பின்னால் போனால் எந்தப் பிள்ளைக்கும் ஆசிரியர் மேல் நம்பிக்கை இருக்காது.

கடைசி வரியில் உள்ள கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாதி விஷயம் வீட்டில்தான் தெரியும். பாட்டி இறந்துவிட்டார், வீடு மாறினோம், இரவில் தூங்குவதில்லை என்று பெற்றோர் ஒரு வரியில் பதில் அனுப்புவார்கள், பதிவேட்டில் புரியாமல் இருந்த ஒரு சரிவுக்குக் காரணம் கிடைத்துவிடும். அதைத் தேதியோடு குறிப்பில் எழுதிவையுங்கள். குடும்ப விவரமாக இருந்தால் மற்றவர்கள் பார்க்காத தனிக் குறிப்பேட்டில். அதேபோல் நல்ல செய்தியையும் அனுப்புங்கள். பள்ளியிலிருந்து செய்தி வந்தாலே வயிற்றைக் கலக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. 30, 45, 60 என்று ஏறிவரும் பிள்ளையின் வீட்டுக்கு அந்த ஏற்றத்தைப் பற்றி இரண்டு வரி போனால், அடுத்த முறை கவலையான செய்தி போகும்போதும் அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? இணையத்தில் பதிவேட்டைப் பெற்றோர் நேரடியாகப் பார்க்கும் வசதி பல பள்ளிகளில் வந்துவிட்டது. கூகுள் கிளாஸ்ரூமில் பெற்றோர் விரும்பினால் தினமும் அல்லது வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் சுருக்கம் போகும். ஒப்படைக்காத வேலை, வரப்போகும் வேலை எல்லாம் அதில் இருக்கும். வாரம் ஒருமுறை போதும் என்பேன். ஒவ்வொரு சிறு பயிற்சிக்கும் கைபேசி மணி அடித்தால், பிள்ளை வீட்டுக்கு வந்து சேரும் முன்பே 'ஏன் 6 மார்க் மட்டும்' என்ற கேள்வி வாசலில் காத்திருக்கும். எந்தக் கிழமைக்குள் மதிப்பெண்களைப் பதிந்துவிடுவேன் என்று ஆசிரியரும் முன்கூட்டியே சொல்லி, அதைக் காப்பாற்ற வேண்டும்.

பெற்றோராக இதைப் படிப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. பதிவேட்டில் காலியாக இருந்தால் உடனே பிள்ளையைக் கேட்காதீர்கள், ஆசிரியர் இன்னும் திருத்தாமல் இருக்கலாம். எண்ணைப் பார்த்ததும் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'எவ்வளவு' என்று கேட்பதற்கு முன் 'எதில் தடுமாறினாய்' என்று கேளுங்கள். ஆசிரியரிடம் பேசும்போதும் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று கேட்பதைவிட, போன மாதத்துக்கு இந்த மாதம் எதில் முன்னேற்றம் என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

யார் பார்க்கலாம்

ஒரு பிள்ளையின் மதிப்பெண் அந்தப் பிள்ளைக்கும் அதன் வீட்டுக்கும், அதற்குப் பாடம் நடத்துபவர்களுக்கும் உரியது. வகுப்பின் மொத்தப் பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது எளிதான வழியாகத் தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். கடைசியில் இருக்கும் பிள்ளையின் பெயர் எல்லா வீட்டிலும் அன்றிரவே பேசப்படும். பல நாடுகளில் இதற்குச் சட்டமும் உண்டு. அமெரிக்காவில் 1974-இல் வந்த கல்விப் பதிவுகள் பற்றிய சட்டம், தங்கள் பிள்ளையின் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைப் பெற்றோருக்குக் கொடுத்தது, மற்றவர்களுக்குக் காட்டுவதைக் கட்டுப்படுத்தியது. மாணவருக்கு 18 வயது ஆனதும் அந்த உரிமை அவருக்கே போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி மதிப்பெண்ணும் தனிப்பட்ட தகவல்தான்.

பெற்றோர் சந்திப்பில் பதிவேட்டை மேசையில் விரித்துவைத்துப் பேசும்போதும் மற்ற வரிசைகளை ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். கணினி என்றால் அந்த ஒரு மாணவரின் பக்கத்தை மட்டும் திறங்கள். கோப்புக்குக் கடவுச்சொல் வையுங்கள். வாரம் ஒருமுறை வேறு இடத்தில் ஒரு நகல் எடுத்துவையுங்கள். நோட்டில் எழுதுபவர்கள் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டு முடிந்ததும் பதிவேடு அலமாரிக்குப் போகிறது, அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு மொத்த மதிப்பெண் மட்டும் போகிறது. அதோடு ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். 'பின்னங்களில் உறுதி, வாக்கியக் கணக்கில் இன்னும் துணை வேண்டும். எழுதுவதைவிட வாயால் சொல்லும்போது நன்றாக விளக்குவார்.' முப்பது பேருக்கு எழுத ஒரு மாலை நேரம் ஆகும். அடுத்த ஆசிரியருக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்துகொள்ள ஆகும் முதல் இரண்டு மாதம் மிச்சமாகும்.